ஸ்டார்ட்டரில் செருகிய குச்சி

அவர் கையில் குடையைக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் பிடியை இரண்டு கைகளாலும் இறுக்கிக்கொண்டு, கால்களை அகட்டி, தரையில் இல்லாத ஒரு பந்தை முறைக்க ஆரம்பித்துவிடுவார். என் பிசியோதெரபி கிளினிக்குக்கு அவர் முதல்முறை வந்த அன்று நல்ல மழை. குடையை மூலையில் வைக்கச் சொன்னேன். வைப்பதற்குள் அதை ஒரு வீசு வீசினார். சுவரில் மாட்டியிருந்த எலும்புக்கூட்டுப் படத்தின் கண்ணாடி சில்லுச் சில்லாகக் கொட்டியது. அப்புறம் இடது தோளைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து, பல்லைக் கடித்தார். வந்ததே தோள்வலிக்குத்தான்.

"மன்னிச்சுக்கோங்க டாக்டரம்மா. கை தானாப் போயிருச்சுங்க."

"தானாப் போற கைய என்னால சரி பண்ண முடியாதுங்க. நீங்க அனுப்புனா போற கையா இருந்தாச் சொல்லுங்க, பாக்கலாம்."

நான் டாக்டர் இல்லை என்று அவரிடம் நூறு தடவை சொல்லியிருப்பேன். கேட்கவில்லை. கடைசி வரைக்கும் டாக்டரம்மாதான். தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் கொங்கு நகரத்தின் ராமநாதபுரம் பகுதியில் ஒரு மாடிப்படிக்குக் கீழே கிளினிக் போட்டிருந்த எனக்கு அப்போது முப்பது வயது. வாய் கொஞ்சம் நீளம். ஐம்பது வயதுக்காரர்களை அதட்டி வேலை வாங்கும் தொழிலில் அது ஒன்றும் குறையில்லை என்று நினைத்துக்கொள்வேன்.

அவருக்கு அதே ஊரில் கணபதி என்ற பகுதியில் மோட்டார் பம்பு செய்யும் பட்டறை. லேத்தில் நின்று தொழில் பழகி, பிறகு சொந்தமாகப் போட்டவர். நாற்பத்தெட்டு வயது. குட்டையான, கெட்டியான உடம்பு. தலையில் காதோரம் மட்டும் முடி. அப்படிப்பட்டவர் கோல்ஃப் ஆடுவார் என்று யாரும் நினைக்க மாட்டார்கள். அந்த ஆட்டம் அப்போதெல்லாம் மில் முதலாளிகளும், எஸ்டேட்காரர்களும், ஓய்வு பெற்ற ராணுவ அதிகாரிகளும் ஆடுவது. இவர் பம்பாயிலிருந்து பம்பு வாங்க வந்த ஒரு வியாபாரிக்குத் துணையாக முதல்முறை மைதானத்துக்குப் போயிருக்கிறார். போனவர் அந்த வியாபாரியிடம் கேட்ட முதல் கேள்வி, "இத்தனை காட்டுலயும் சோளம் போடாம வெறும் புல்லப் போட்டு எதுக்குங்க தண்ணி பாய்ச்சறாங்க?"

வியாபாரி சிரித்துவிட்டு ஒரு மட்டையை அவர் கையில் கொடுத்திருக்கிறார். ஏழெட்டுத் தடவை மண்ணைத்தான் வெட்டினாராம். ஒன்பதாவது அடி பட்டது.

"எப்படிங்க சொல்றது. கையில ஒண்ணுமே தெரியிலீங்க. அடிச்சமாதிரியே இல்லீங்க. அண்ணாந்து பாத்தா பந்து மேல போயிட்டே இருக்குது. காலையில இருந்து ராத்திரி வரைக்கும் என்ற மண்டைக்குள்ள ஒரு மோட்டார் ஓடிட்டே இருக்குமுங்க. கரண்டு வந்துதா, ஆளு வந்தானா, லோடு போச்சான்னு. அந்த ஒரு அடியில அது நின்னு போச்சுங்க. சத்தமே இல்லை. மயிலு கத்துறது கேட்டுச்சு."

இதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். எனக்கு அவரைப் பிடித்துப்போனது அந்த முகத்தால்தான். அதற்கப்புறம் அவர் எனக்குக் கொடுத்த எல்லாத் தொல்லைகளையும் பொறுத்துக்கொண்டதும் அந்த முகத்துக்காகத்தான்.

ஆனால் அந்த ஒரு அடி தினமும் வருமா? வாரம் ஒருநாள் போனவர், அது வரவில்லை என்று மூன்று நாள் போனார். பிறகு தினமும். பதினெட்டுக் குழியும் சுற்றி முடித்தால் நாலு மணி நேரம் ஆகும். முடித்துவிட்டு எல்லோரும் மோர் குடித்துக்கொண்டிருக்க, இவர் "இன்னொரு சுத்துங்க, ஒண்ணே ஒண்ணு" என்று தனியாகப் புறப்படுவார். நடுவில் மழை பிடித்து மைதானத்தை மூன்று நாள் மூடினால் வீட்டில் யாரும் அவரிடம் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள். கை நடுங்குமாம். பட்டறைக் கூரையில் பழைய ஜமக்காளத்தைத் தொங்கவிட்டு அதில் பந்தை அடித்துக்கொண்டிருப்பாராம். பேங்க் வரிசையில் நிற்கும்போது அவர் இடுப்பு மட்டும் தானாகத் திரும்பும். ஒரு கல்யாணப் பந்தியில் சாம்பார்க் கரண்டியை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்ததாக அவர் மனைவி சொன்னார். பரிமாறுகிறவர் பயந்து வாளியோடு பின்வாங்கிவிட்டாராம்.

அவர் மனைவி நிறையப் பேச மாட்டார். பேசினால் அது ஒரு ஆண்டு முழுக்க மனதில் இருக்கும். சிகிச்சைக்கு அவரைக் கூட்டிவந்தவர், வெளியே உட்காராமல் நேராக உள்ளே வந்து என் எதிரில் உட்கார்ந்தார்.

"அம்மணி, எங்க நாத்தனா மகளுக்குக் காதுகுத்துங்க. அன்னூருக்கு அக்கட்டால எங்க கோயல்ல. தாய்மாமன் மடியில உக்கார வெச்சுத்தான் குத்தோணும். ஊரு ஒரம்பரை எல்லாம் வந்தாச்சு. ஆசாரி ஊசியோட உக்காந்திருக்கறாரு. இவரு இல்லை. நல்ல நேரம் தாண்டிப் போச்சு. அடுத்த நல்ல நேரத்துக்கு ஓடி வர்றாரு. கால்ல ஆணி வெச்ச செருப்பு. பேண்டெல்லாம் புல்லு. கொழந்தை அழுதழுது தூங்கிப்போச்சுங்க. தூங்கற கொழந்தைக்குத்தான் காது குத்துனோம்."

கணவர் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். "பதினாலாவது குழியில விட்டுப்போட்டு வர மனசு வரலைங்க" என்றார் மெல்ல. கொங்கு நாட்டில் தாய்மாமன் காதுகுத்துக்குப் பிந்தி வந்தான் என்றால் அதை இரண்டு தலைமுறைக்குச் சொல்லிக்காட்டுவார்கள். அவருடைய தங்கை அவரிடம் பேசி எட்டு மாதம் ஆகியிருந்தது. அந்த எட்டு மாதமும் அவர் ஒருநாள் விடாமல் மைதானத்துக்குப் போயிருக்கிறார்.

எலும்பு டாக்டர் கொடுத்த சீட்டில் விஷயம் தெளிவாக எழுதியிருந்தது. இடது தோளில் தசைநார் பாதி கிழிந்துவிட்டது. மீதிப் பாதியும் கிழிந்தால் கத்தி வைக்க வேண்டும்; வைத்தாலும் கை தோளுக்கு மேல் ஏறும் என்று உறுதி சொல்ல முடியாது. மூன்று மாதம் மட்டையைத் தொடக்கூடாது. நான் அதை அவருக்கு வரிவரியாகப் படித்துக் காட்டினேன். "சரிங்க, சரிங்க" என்று கேட்டுக்கொண்டார். அவ்வளவு பணிவாகத் தலையாட்டுகிறவர்களை நம்பக் கூடாது என்று எனக்கு அப்போது தெரியாது.

ஒரு மாதம் ஒழுங்காக வந்தார். சுவரில் விரலால் ஏறும் பயிற்சி, கப்பியில் கயிறு இழுக்கும் பயிற்சி, எல்லாம் நான் பத்துச் சொன்னால் இருபது செய்வார். வலி இருக்கிறதா என்றால் இல்லவே இல்லை என்பார். தொட்டுப் பார்த்தாலும் முகம் சுளிக்க மாட்டார். என் கைராசி என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. அம்மாவிடம்கூடச் சொன்னேன்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் கட்டடத்துக் கிணற்று மோட்டார் புகைந்து நின்றது. கட்டடச் சொந்தக்காரரோடு நானும் கணபதிக்குப் போனேன். பட்டறையில் அவர் வேறு ஆளாக இருந்தார். கறுப்பு ஆயில் படிந்த கை, மூக்குநுனியில் கண்ணாடி. எதிரே தலைப்பாகை கட்டிய ஒரு விவசாயி, காலடியில் எரிந்துபோன மோட்டார். அவர் குனிந்து மோட்டாரை மோந்து பார்த்தார். அதற்காகவே அந்த வட்டாரத்தில் அவருக்குப் பெயர் உண்டு. மோந்து பார்த்தே, மோட்டாருக்குள் செம்புக்கம்பி சுற்றிய காயில் எதனால் எரிந்தது என்று சொல்லிவிடுவார்.

"ஏனுங்க, ஸ்டார்ட்டர்ல குச்சி செருகுனீங்களா?"

விவசாயி பக்கத்துச் சுவரைப் பார்த்தார். "பயிரு காயுதுங்க."

எனக்குப் புரியவில்லை. கட்டடச் சொந்தக்காரர்தான் விளக்கினார். வெயில் காலத்தில் கரண்டு பலமில்லாமல் வரும். மோட்டார் திணறும். சூடேறினால் ஸ்டார்ட்டர் தானாக விழுந்து மோட்டாரை நிறுத்திவிடும். அது காயிலைக் காப்பாற்றுவதற்காக உள்ள ஏற்பாடு. ஆனால் பயிர் காய்கிறவனுக்கு அது எரிச்சல். எத்தனை தடவை வந்து வந்து பொத்தானை அமுக்குவது? பொத்தானை அமுக்கி, மேலே எழும்ப முடியாதபடி ஒரு வேப்பங்குச்சியைச் செருகிவிட்டு வரப்பு வெட்டப் போய்விடுவான். மோட்டார் நிற்காது. தண்ணீரும் கொஞ்ச நேரம் வரும். பிறகு புகை வரும்.

"உங்களக் காப்பாத்தோணும்னு விழுகுதுங்க அது" என்று அவர் விவசாயியிடம் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். "ஒரு தடவை விழுந்துது. ரெண்டு தடவை விழுந்துது. என்னமோ சொல்லுதேன்னு சித்தெ ரோசனை பண்ண மாட்டீங்களா? வாயக் கட்டிப்போட்டு ஓட்டுனா எரியாம என்னுங்க பண்ணும்?"

 அவரே இரங்கி, "உக்காருங்க, டீ சொல்றேன். காயில் புதுசாக் கட்டித் தாரேன். ஆனா மேல பூசற வார்னிஷ் காயறதுக்கு ரெண்டு நாளு ஆகும். அவசரப்பட்டா மறுபடியும் எரியும்" என்றார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். மனிதர் தன் தொழிலில் எவ்வளவு நேர்மை என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் கிளினிக்கில் அவர் சட்டையைக் கழற்றிக் கொக்கியில் மாட்டும்போது பையிலிருந்து வலி மாத்திரை அட்டை விழுந்தது. பத்தில் எட்டுக் காலி. எடுக்கக் குனிந்தேன். என்னைவிட வேகமாக அவர் குனிந்தார். அந்த வேகத்திலேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவரது வலது உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தேன். புதுக் காய்ப்பு, இரண்டு புதுக் கொப்புளம்.

"தினமுமா?"

"வெடியால மட்டுமுங்க. பட்டறைக்கு ஆளு வர்றதுக்குள்ள போயிட்டு வந்துருவேன்."

"இங்க வர்றதுக்கு முன்னாடியும் ரெண்டு மாத்திரை?"

"நீங்க வெசனப்படக் கூடாதேன்னுதானுங்க."

என் கைராசி எங்கிருந்து வந்தது என்று தெரிந்ததும் எனக்கு வந்த கோபம் சாதாரணமானதில்லை. பாதி அவர்மேல், பாதி என்மேல். "உங்க பட்டறையில அந்தாளத் திட்டுனீங்களே, அதே திட்ட நான் ஒருக்காச் சொல்லட்டுங்களா? வலி வருது, உடம்பு விழுகுது. நீங்க மாத்திரையப் போட்டு அமுக்கிப்போட்டு ஓட்டறீங்க. இது என்னுங்க, வேப்பங்குச்சி இல்லாம? எரிஞ்சப்புறம் வாங்க, மோந்து பாத்துச் சொல்றேன். இப்பப் போங்க."

அப்படிப் பேசியிருக்கக் கூடாது. என்னைவிடப் பதினெட்டு வயது பெரியவர். அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு, பொத்தானை ஒவ்வொன்றாக மாட்டி, "வாரனுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். போகிறேன் என்று சொல்லாத மரியாதை. ஆனால் வரவில்லை. இரண்டு மாதத்துக்கு மேல் ஆளே இல்லை.

வந்தபோது மார்கழிக் குளிர். காலை எட்டு மணி இருக்கும். கிளினிக் வாசலில் கார் நின்றது, அவர் இறங்கவில்லை. நானே போய்க் கண்ணாடியைத் தட்டினேன். பின்சீட்டில் மட்டைப் பை. அவர் முகத்தில் ஒன்றுமே இல்லை. கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை.

"மைதானத்துக்குப் போனனுங்க. ஆறு மணிக்கே போயிட்டேன். வண்டிய நிறுத்துனேன். எறங்கத் தோணலைங்க. ஒரு மணி நேரம் அங்கயே உக்காந்திருந்தேன். புல்லப் பாத்தா கோவமா வருதுங்க. அந்தப் பந்தப் பாத்தா எதுக்குடா இதுன்னு வருதுங்க."

"தோள் வலிங்களா?"

"அது இருக்குது. அதில்லீங்க. முந்தாநேத்து அந்த அடி விழுந்துதுங்க. மொத நாள் விழுந்துதே, அதே அடி. கையில தெரியாத அடி. பந்து அதே மாதிரி மேல போச்சு. பாத்துட்டு நிக்கறேன். உள்ள ஒண்ணுமே இல்லீங்க. அந்த ஒரு அடிக்குத்தான் நாலு வருசமா ஊட்டுல சோறு தண்ணி இல்லாம, என்ற தங்கச்சிகிட்டயும் பேச்சில்லாம கெடந்தேன். அது வந்துது. வந்தும் ஒண்ணும் தெரியிலீங்க."

அவர் அழுதார். சத்தமில்லாமல், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி.  அவர் பாஷையில் தெரிந்த ஒன்றைச் சொன்னேன். "காயில் எரிஞ்சு போச்சுங்க. மோட்டார் நல்லாத்தான் இருக்குது."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "புதுசாக் கட்டலாமுங்களா?" என்று கேட்டார்.

"கட்டலாம். வார்னிஷ் காயறதுக்கு நாளாகும். அவசரப்பட்டா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும்."

அன்றிலிருந்து ஏழு மாதம் என்று ஞாபகம். முதலில் மாத்திரை நின்றது. வலி வலியாகவே வெளியே வந்தது. அவர் "ஸ்ஸ்" என்று கத்தும்போதெல்லாம் எனக்கு நிம்மதியாக இருந்தது. கை எவ்வளவு ஏறுகிறது என்று வீட்டிலேயே தினமும் பார்க்க ஒரு சோதனை வேண்டியிருந்தது. மற்றவர்களுக்குத் தலை சீவும்போது வலிக்கிறதா பாருங்கள் என்பேன். இவரிடம் சொன்னதும், "அதுக்கு முடி வேணுமுங்களே" என்றார். எரிந்துபோன மனிதர் செய்த முதல் கேலி அதுதான். அதனால் குளித்ததும் இடது கையால் ஈரத் துண்டைக் கொடியில் போட வேண்டும் என்று வைத்தோம். முகம் சுளிக்காமல் போட்டால் சரி. சுளித்தால் அன்றைக்கு ஓய்வு. பார்த்துச் சொல்ல வேண்டியது அவர் மனைவி. அந்த அம்மாள் கொடிக்கு எதிரில் காப்பித் தம்ளரோடு நின்று, புருசன் முகத்தைப் பரீட்சைத்தாள் திருத்துவதுபோலப் பார்ப்பாராம்.

அவரை மைதானத்துக்கு அனுப்பினேன், மட்டை இல்லாமல். சும்மா நடந்துவிட்டு வரச் சொன்னேன். முதல் நாள் போய்விட்டு வந்து, "பிச்சைக்காரன் மாதிரி இருந்துதுங்க" என்றார். பதினைந்தாம் நாள் வந்து, ஏழாவது குழிக்குப் பக்கத்து ஓடையில் ஒரு மயில் மூன்று குஞ்சுகளோடு இருக்கிறது, நான்கு வருடமாக அதே வழியில் போயும் பார்த்ததில்லை என்று அரைமணி நேரம் சொன்னார். தங்கை வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய், காது குத்திய அந்தக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்தாராம். தங்கை ஒன்றும் பேசவில்லை. ஆனால் இலையில் இரண்டாம் முறை கேட்காமலே சோறு வைத்தாளாம். 

பிறகு மட்டை. வாரம் நாலு நாள், ஒன்பது குழி மட்டும். ஒன்பது முடிந்ததும் நிறுத்த வேண்டும். எல்லாரும் பத்தாவது குழிக்கு நடக்க, இவர் மட்டும் திரும்பி வருவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கு அப்போது தெரியவில்லை. "காலு அக்கட்டாலயே இழுக்குதுங்க" என்பார். முதல் மாதம் அவர் மனைவியே ஒன்பதாவது குழியில் போய் நின்று கூட்டிவந்தார். அப்புறம் தேவைப்படவில்லை. ஒருநாள் கிளினிக்குக்குச் சிரித்துக்கொண்டே வந்தார். "இன்னிக்கு அஞ்சு பந்து தொலைச்சுப்போட்டனுங்க. ஒண்ணுகூட ஒழுங்காப் படலை. என்னமோ சிரிப்பாவே வந்துது." நான் அன்று மத்தியானம் அவருக்காக அல்வா வாங்கிச் சாப்பிட்டேன். அவருக்குச் சர்க்கரை, கொடுக்க முடியாது.

அதற்கடுத்த வருடம் கோடையில் மைதானத்தின் வருடப் போட்டி. இவர் சும்மா விளையாட்டாகப் பெயர் கொடுத்தார். ஒவ்வொரு சுற்றும் ஒன்பது குழிதான் என்பதால் நானும் சம்மதித்தேன். மளமளவென்று ஜெயித்துக்கொண்டே போய் இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டார். அது பதினெட்டுக் குழி. ஆளை எதிரில் உட்காரவைத்துச் சொன்னேன். "ஆடுங்க. ஆனா துண்டு போட முடியாத வலி வந்தா அங்கயே நிறுத்தோணும். பதினேழு குழி ஆகியிருந்தாலுஞ் சரி." தலையாட்டினார். இந்த முறை அவர் தலையாட்டலைப் பார்க்காமல் கண்ணைப் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சுக்குப் போகாமல் மைதானத்துக்குப் போனேன். ஆண்டவர் மன்னித்திருப்பார்; அம்மாதான் இன்றுவரை மன்னிக்கவில்லை. கோல்ஃப் மைதானத்தை அன்றுதான் முதல்முறை பார்த்தேன். தை மாதத்திலிருந்து ஒரு சொட்டு மழை இல்லை. குழிகளைச் சுற்றி மட்டும் பச்சை. மற்ற இடமெல்லாம் புல் காய்ந்து, செம்மண் நெல் அடிக்கும் களம்போல இறுகிக் கிடந்தது. ஓரங்களில் வேலிகாத்தான் முள். எதிராளி ஓய்வு பெற்ற ஒரு கர்னல். உயரமான, மீசை வைத்த, நல்ல மனிதர். குறைந்த அடிகளில் பந்தைக் குழியில் போடுகிறவருக்கு அந்தக் குழி; யார் அதிகக் குழிகளை ஜெயிக்கிறார்களோ அவருக்குக் கோப்பை. பதினேழு முடிந்தபோது நம்மவர் ஒரு குழி முன்னால் இருந்தார். கடைசிக் குழியைச் சமமாக முடித்தாலே போதும்.

ஆனால் பதினேழாவது குழியில் அவர் அடித்த கடைசிப் பெரிய அடியில் நான் பார்த்துவிட்டேன். மட்டை மேலே போனபோது தோள் ஒரு கணம் நின்றது. அவர் மனைவியும் பார்த்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார். 

பதினெட்டாவது குழி தொடங்கும் இடத்தில் அவர் தனியாகப் போய் நின்றார். இடது கையை மெல்லத் தூக்கினார். துண்டு இல்லை, கொடி இல்லை. காற்றில், ஈரத் துண்டைப் போடுவதுபோல. முகம் சுளித்தது. திரும்பி எங்களைப் பார்த்தார்.  கால்சட்டைப் பையில் கைவிட்டார். வெளியே வந்தது மாத்திரை அட்டை. எனக்கு உயிரே போய்விட்டது.

நேராக என்னிடம் வந்து அதை நீட்டினார். பத்தும் அப்படியே இருந்தன.

"புடிங்க டாக்டரம்மா. குச்சி."

"இத எதுக்குங்க கொண்டு வந்தீங்க?" கோபத்தில் அதை வெடுக்கென்று பிடுங்கினேன்.

"பாக்கெட்டுல இல்லாதப்பப் போடாம இருக்கறது என்னுங்க பெருசு?"

"அப்ப நிறுத்திக்கிறீங்களா?"

"கைய மேல தூக்கறத நிறுத்திக்கறனுங்க" என்றார். பையிலிருந்து ஒரு மட்டையை உருவினார். பந்து குழிக்குப் பக்கத்தில் வந்தபிறகு, மெல்லத் தட்டித் தரையோடு உருட்டிவிடுவதற்கென்றே உள்ள சின்ன மட்டை. உருட்டுக்கட்டை என்பார் அதை. அதைக் கொண்டு யாரும் ஒரு குழியைத் தொடங்க மாட்டார்கள். "இடுப்புக்கு மேல கை போகாது. போச்சுன்னா நீங்களே வந்து புடுங்கிக்கோங்க."

கர்னல் முதலில் அடித்தார். பிரமாதமான அடி. நெடுந்தூரம் போனது. நம்மவர் உருட்டுக்கட்டையோடு போய் நின்றதும் கூட்டத்தில் சிரிப்பு. கர்னல் அருகில் வந்து, "உடம்புக்கு முடியலையா? வேணும்னா நாளைக்கு வெச்சுக்கலாமே" என்றார் அக்கறையாக. "இல்லீங்க, இப்பத்தான் நல்லா இருக்கறேன்" என்றார் இவர்.

தட்டினார். கை இடுப்பைத் தாண்டவில்லை. பந்து தரையோடு ஓடியது. ஓடியது, ஓடியது, நின்றுவிடும் என்று நினைத்த இடத்தைத் தாண்டியும் ஓடியது. காய்ந்த களத்தில் பந்து எங்கே நிற்கும்? பட்டறையில் தரையில் உருளும் இரும்புக் குண்டுகளைப் பார்த்தே வளர்ந்த மனிதர். மண் எந்தப் பக்கம் சரிகிறது என்று அவருக்குத் தெரியாதா? இரண்டாவது தட்டு. மூன்றாவது தட்டு. சிரிப்பு நின்றுவிட்டது. கூட்டம் பந்தோடு சேர்ந்து நடந்தது. கர்னல் இரண்டாவது அடியைக் கொஞ்சம் ஓங்கிவிட்டார். பந்து வேலிகாத்தானுக்குள் போய்விட்டது. முள்ளைக் கிழித்துக்கொண்டு வெளியே எடுக்கவே இரண்டு அடி போயிற்று. இவருடைய நாலாவது தட்டில் பந்து பச்சையின் விளிம்பைத் தொட்டது. ஐந்தாவதில் குழிக்கு இரண்டடி தள்ளி நின்றது.

கர்னல் ஆறாவதில் போட்டு முடித்தார். இவருக்கு மீதி இருந்தது அந்த இரண்டடி. போட்டால் ஆறுக்கு ஆறு, சமம், கோப்பை. அவர் குனிந்து நின்றார். எங்கோ ஒரு மயில் அகவியது. அவர் நிமிர்ந்து அந்தத் திசையைப் பார்த்தார். அந்த முகம் மறுபடியும் வந்திருந்தது. அந்த மார்கழிக் காலையில் காரில் காணாமல் போயிருந்த அதே முகம். மறுபடி குனிந்து, தட்டினார்.

குழிக்குள் பந்து விழும் சத்தம் அவ்வளவு நன்றாக இருக்கும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. நான் கத்திய கத்தலில் கர்னல் தொப்பியைக் கழற்றி எனக்கு ஒரு வணக்கம் வைத்தார். அவர் மனைவி மட்டும் கத்தவில்லை. நேராகப் போய் அவருடைய இடது கையைப் பிடித்து, தூக்கிப் பார்க்காமல், அப்படியே தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கோப்பை கொடுத்து முடிந்ததும் நாலைந்து பேர் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். சந்தோஷத்தில் இருக்கிறோம், வெயில் தாழ்ந்ததும் இன்னொரு சுற்றுப் போகலாம், ஒண்ணே ஒண்ணு என்றார்கள். அவருடைய பழைய வார்த்தையேதான். 

"இல்லீங்க, போதுமுங்க. நாளைக்கும் வரலைங்க. இந்த மாசம் பூராவுமே வரலைங்க. கை ஆறட்டும்" என்று கோப்பையை மனைவியிடம் கொடுத்துவிட்டு, மட்டைப் பையை எடுக்கப் போனவர், எடுக்காமல் நின்று, என்னைப் பார்த்துச் சிரித்து, வலது கையால் எடுத்தார்.

மறுநாள் காலை ஏழே முக்காலுக்கு வீட்டில் போன் அடித்தது. அவர் மனைவி. குரலில் பதற்றம்.

"அம்மணி, ஒண்ணு கேக்கட்டுங்களா? எங்கூட்டுக்காரரு இன்னும் எந்திரிக்கவே இல்லீங்க. அஞ்சு வருசமா நாலரை மணிக்கு மேல தூங்கி நான் பாத்ததே இல்லை. மூச்சு நல்லாத்தான் வருது. கொறட்டைகூட விடறாரு. ஒடம்புக்கு ஏதாச்சும் இருக்குமுங்களா?"

"ஒண்ணுமில்லீங்க" என்றேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சிரிப்பும் வந்துவிட்டது. "தூங்கட்டும், எழுப்பாதீங்க."